கோஸ்ட் கார்ட் ஆக்ஸிலரியில் தொண்டு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மதியம் சீருடையைக் கழற்றாமல் இந்தியன் கடையில் கறிவேப்பிலை வாங்கப் போனால், யாராவது ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து, “சார் நேவியா?” என்பார். நேவி இல்லை. அமெரிக்கக் கோஸ்ட் கார்டின், அதாவது கடலோரக் காவல்படையின், தொண்டர் பிரிவான ஆக்ஸிலரியில் இருக்கிறேன். மேரிலாந்தில், செசபீக் விரிகுடாப் பக்கம். வார நாட்களில் கணினி வேலை, வார இறுதியில் தண்ணீர். கடை வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

ஆக்ஸிலரி என்பது என்ன?

கோஸ்ட் கார்டுக்குக் கைகொடுக்கும் பொதுமக்கள் அமைப்பு. 1939 ஜூன் 23-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைத் தொடங்கியது. அப்போது அதன் பெயர் ‘ரிசர்வ்’. 1941-இல் ராணுவ முறையிலான ரிசர்வ் தனியாக வந்தபோது, நம் ஆட்களுக்கு ‘ஆக்ஸிலரி’ என்ற பெயர் வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மன் நீர்மூழ்கிகள் கிழக்குக் கரையில் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. சொந்தப் பாய்மரப் படகு வைத்திருந்தவர்கள் பலர் காவல் ரோந்துக்குப் போனார்கள். பாய்மரத்தில் போனால் இஞ்சின் சத்தம் இருக்காது, நீர்மூழ்கிக்குக் காதில் விழாது.

இப்போதைய வேலை அவ்வளவு சாகசமானது இல்லை. படகுகளைச் சோதித்துப் பார்ப்பது, பாதுகாப்பு வகுப்பு எடுப்பது, ரோந்து போவது, ரேடியோவில் உட்காருவது, தேடலுக்குக் கைகொடுப்பது. ஊருக்கு ஊர் இருக்கும் சிறு குழுவை ‘ஃப்ளோட்டில்லா’ என்பார்கள். நீங்கள் சேர்வதும் மாதக் கூட்டத்துக்குப் போவதும் அங்கேதான்.

அப்படியானால் ராணுவமா? யாரையாவது கைது செய்யலாமா?

இல்லை, முடியாது. எங்களுக்குச் சட்ட அமலாக்க அதிகாரம் கிடையாது. துப்பாக்கி இல்லை, அபராதச் சீட்டு இல்லை. ஒருவர் குடித்துவிட்டுப் படகு ஓட்டினால் ரேடியோவில் சொல்லலாம், அவ்வளவுதான். சீருடை கோஸ்ட் கார்டுடையது போலவே இருக்கும். அவர்களுக்குத் தங்க நிறச் சின்னம், எங்களுக்கு வெள்ளி நிறம். தோள்பட்டையில் பட்டி இருந்தாலும் அது பதவியைக் குறிப்பதுதான், ராணுவத் தகுதி அல்ல. யாருக்கும் கட்டளையிட முடியாது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். எங்கள் குழுத் தலைவரை எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். நம் ஊர் வளர்ப்புக்கு அது பழக ஆறு மாதம் ஆனது.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். சேரலாமா?

முடியாது. ஆக்ஸிலரியில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது கிடையாது. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். கைரேகை எடுத்துப் பின்னணியையும் சரிபார்ப்பார்கள்.

கிரீன் கார்ட் இருக்கிறதென்றால் இன்னொரு வழி உண்டு: சிவில் ஏர் பெட்ரோல். அது விமானப்படையின் துணை அமைப்பு. 1941 டிசம்பர் 1-இல், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கியது. நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களை அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். காணாமல் போன சிறு விமானங்களைத் தேடுவதுதான் அவர்களுடைய பழைய, பேர்பெற்ற வேலை. பிள்ளைகளுக்கும் இடம் உண்டு: 12 வயதிலிருந்து கேடட்டாகச் சேரலாம். ‘பையனுக்கு ஏதாவது உருப்படியாக’ என்று கேட்கிற அப்பா அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

விசாவில் இருப்பவர்களும் படகுப் பாதுகாப்பு வகுப்பில் மாணவராக உட்காரலாம். அதற்குக் குடியுரிமை யாரும் கேட்பதில்லை.

எனக்குப் படகும் இல்லை, நீச்சலும் வராது. என்ன செய்ய முடியும்?

நிறைய. வகுப்பு எடுக்க, ரேடியோ கேட்க, கணக்கு எழுத, படகுச் சோதனை செய்ய நீச்சல் எதற்கு? படகு இல்லாதவர்கள்தான் எங்களில் அதிகம். படகு வைத்திருக்கும் உறுப்பினர் தன் படகைக் கோஸ்ட் கார்டின் பயன்பாட்டுக்கு எழுதிக் கொடுப்பார். அது சோதனையில் தேறினால் ரோந்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் அதில் ஆளாகப் போகிறோம். தண்ணீரில் இறங்க விருப்பமென்றால் மட்டும் தயவுசெய்து நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். ஐம்பது வயதில் கற்றவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

படகுச் சோதனையில் என்ன பார்ப்பீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

மே மாதம் படகுகள் தண்ணீரில் இறங்கும் சரிவில் ஒரு மடக்கு மேசை போட்டு உட்காருவோம். சோதனை இலவசம். கட்டாயம் இல்லை. குறை இருந்தால் எந்தப் போலீஸுக்கும் போகாது, ஒரு தாளில் எழுதிப் படகுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவோம். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ஆண்டுக்கான ஸ்டிக்கர்.

ஒருமுறை ஒருவர் தன் லைஃப் ஜாக்கெட்டைப் பெருமையோடு நீட்டினார். தண்ணீர் பட்டதும் தானாக உப்பும் வகை, விலை அதிகம். உள்ளே ஒரு சின்னக் கரியமில வாயுக் குப்பி திருகியிருக்கும். அதைக் கழற்றிக் கழுத்தைப் பார்த்தேன். ஊசி குத்திய ஓட்டை. எப்போதோ ஒரு மழையில் அது உப்பியிருக்கிறது, காற்றை இறக்கி மடித்து வைத்திருக்கிறார்கள், குப்பியை மாற்றவில்லை. இரண்டு கோடைக் காலம் அவர் மாட்டிக்கொண்டு திரிந்தது ஒரு துணிப்பட்டை. அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வைக்கு நான் எதுவும் சேர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

அப்புறம் தீயணைப்பான். அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்த ஆண்டு இருக்கும். ஒருமுறை பயன்படுத்தும் வகையானால் 12 ஆண்டுக்கு மேல் செல்லாது. 2022 ஏப்ரலில் இருந்து இந்த விதி. முள் பச்சையில் நிற்கிறதே என்று வாதாடுவார்கள். முள் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத்தான் காட்டும். பொடி கட்டிதட்டிப் போயிருப்பதை அது எப்படிச் சொல்லும்?

ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்திக் காட்டும் தீப்பந்தங்களுக்கு, அதாவது ஃபிளேருக்கு, தயாரித்த நாளிலிருந்து 42 மாதம் ஆயுள். படகின் பதிவெண் மூன்று அங்குல உயரத்தில் அணியத்தின் இரு பக்கமும் தெரிய வேண்டும். (அணியம் என்பது படகின் முன்பக்கம், பின்பக்கம் அமரம். நம் மீனவர்களிடம் இவ்வளவு நல்ல சொற்கள் இருக்க, நான் இவற்றை மேரிலாந்துக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.) 16 அடியோ அதற்கு மேலோ நீளமான படகானால் தூக்கி எறிய ஒரு மிதவையும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். நங்கூரக் கயிற்றுக்கு அடியில் புதைந்து கிடந்தால் அது கணக்கில் வராது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கும் லைஃப் ஜாக்கெட்டும் கணக்கில் வராது. மூழ்குகிறவன் உறையைப் பிரித்துக்கொண்டிருப்பானா?

லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதாதா? போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

பெரியவர்கள் போட்டுக்கொண்டே இருக்கச் சட்டம் பெரும்பாலும் கட்டாயப்படுத்தாது, ஆளுக்கு ஒன்று படகில் இருந்தால் போதும் என்கிறது. மேரிலாந்தில் 21 அடிக்குக் குறைவான படகு போய்க்கொண்டிருக்கும்போது 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் போட்டே ஆக வேண்டும்.

சட்டம் அப்படி. கணக்கு வேறு மாதிரி. கோஸ்ட் கார்ட் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துக் கணக்கில், உல்லாசப் படகு விபத்தில் இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் மூழ்கித்தான் இறக்கிறார்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். பெரும்பாலும் அது படகில்தான் இருந்திருக்கும்.

எங்கள் பக்கம் நான் அதிகம் பயப்படுவது ஏப்ரல் மாதத்துக்கு. குளிர் விட்டுப் போய், வெயில் 25 டிகிரி அடிக்கும். எல்லாரும் டீ-ஷர்ட்டோடு கயாக்கை, அதாவது ஒல்லியான துடுப்புப் படகை, இறக்குவார்கள். தண்ணீர் 10, 12 டிகிரியில் இருக்கும். அதில் விழுந்தால் உடம்பு கேட்காமலே மூச்சை இழுக்கும். அந்த இழுப்பு தண்ணீருக்குள் நடந்தால் கதை அங்கேயே முடிந்தது. ‘ஒன்று, பத்து, ஒன்று’ என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம்: மூச்சு கட்டுக்கு வர ஒரு நிமிடம், கை கால் சொன்ன பேச்சைக் கேட்பது பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம். லைஃப் ஜாக்கெட் இல்லாதவருக்குக் கடைசி ‘ஒன்று’ கிடைப்பதில்லை. கை ஓயும்போதே மூழ்கிவிடுவார். காவிரியில் குதித்து வளர்ந்தவன் என்று என்னிடம் சொன்ன நண்பரிடம், காவிரி எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்டேன்.

தேடலுக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும்?

தொலைபேசி அடிக்கும். கிளம்புவதற்கு முன் படகில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து ஆபத்தை எடை போடுவோம்: காற்று, இருட்டு, யாருக்கு எத்தனை மணி நேரத் தூக்கம், படகின் நிலை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு முடிவுக்கு வருவோம். புதிதாக வந்த ஆள் ‘எனக்குச் சரியாகப் படவில்லை’ என்றாலும் அதற்கு மதிப்பு உண்டு.

எங்கே தேடுவது என்பதைக் கோஸ்ட் கார்டின் மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும். அதில் ஒரு நுணுக்கம். காலிக் கயாக் காற்றுக்கு ஓடும். தண்ணீரில் இருக்கும் ஆள் நீரோட்டத்தோடு போவார். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் வேறு வேறு திசை. அதனால் கயாக் கிடைத்த இடத்தைச் சுற்றித் தேடினால் மட்டும் ஆள் கிடைத்துவிட மாட்டார்.

படகில் ஆளுக்கு ஒரு பக்கம். என் பக்கத்தை மட்டும்தான் நான் பார்க்க வேண்டும். அடுத்தவர் பக்கம் ஏதோ தெரிகிறது என்று திரும்பினால் என் பக்கம் குருடு. தண்ணீரில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும், அதுவும் அலைக்கு அலை மறையும். செசபீக்கில் நண்டுக்கூண்டு போட்டவர்கள் அடையாளத்துக்கு மிதவை கட்டியிருப்பார்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் தலை மாதிரியே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு ஒருமுறை அடித்து அடங்கும். இடையிடையே இஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்போம். விசில் சத்தம் கண்ணுக்கு முன்னால் வந்து சேரும். லைஃப் ஜாக்கெட்டில் இருக்கும் அந்த மலிவு விசிலை யாரும் கழற்றி எறியாதீர்கள்.

ஒரு மாலை அப்படித் தேடியது ஒரு காலிக் கயாக்குக்காக. பெயர் இல்லை, எண் இல்லை, உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில். மூன்று மணி நேரம் அலைந்தோம். கடைசியில் கயாக்காரர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கயிறு சரியாகக் கட்டவில்லை, ஓதம் ஏறி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நல்ல செய்திதான், ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் எரிச்சல். ‘கண்டெடுத்தால் கூப்பிடவும்’ என்று பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதும் ஸ்டிக்கரை நாங்கள் இலவசமாகவே கொடுக்கிறோம். ஒட்டியிருந்தால் ஒரு போன் அழைப்பில் முடிந்திருக்கும்.

வான் மீட்பு என்கிறார்களே, ஹெலிகாப்டரில் இருந்து கயிற்றில் இறங்கலாமா?

அது கோஸ்ட் கார்டின் முழுநேர வீரர்கள் வேலை. மீட்பு நீச்சல்காரர்கள் கடும் பயிற்சி பெற்றவர்கள். ஆக்ஸிலரியின் வான் பிரிவில் இருப்பவை உறுப்பினர்களின் சொந்த, அல்லது வாடகைக்கு எடுத்த சின்ன விமானங்கள். சிவில் ஏர் பெட்ரோலுக்கோ அமைப்பின் பெயரிலேயே விமானங்கள் உண்டு, பெரும்பாலும் செஸ்னா என்ற சின்ன விமானங்கள்.

சின்ன விமானம் யாரையும் தூக்கிக் காப்பாற்ற முடியாது. அது கண். படகு ஒரு மணி நேரம் துழாவும் பரப்பை அது சில நிமிடங்களில் கடந்துவிடும். ஏதாவது தென்பட்டால் வட்டமடித்துக்கொண்டே பக்கத்துப் படகை அங்கே வழிகாட்டும். மற்ற நாட்களில் கடல் மாசு, நகர்ந்துபோன மிதவைகள், பேரேரிகளில் பனிக்கட்டி என்று பார்த்துச் சொல்வார்கள். வாஷிங்டன் வான்பரப்பில் அத்துமீறும் விமானத்தை இடைமறிக்க கோஸ்ட் கார்ட் ஹெலிகாப்டர்கள் பயிற்சி செய்யும்போது, அத்துமீறும் விமானமாக நடிப்பதும் எங்கள் ஆட்கள்தான்.

மேலே இருந்து பார்த்த ஒருவர் எனக்குச் சொன்ன புத்தி: கயாக் வாங்கினால் ஆரஞ்சு வாங்கு. வெள்ளைப் படகு நுரையோடு நுரையாகப் போய்விடும், நீலம் தண்ணீரோடு தண்ணீராக. அழகுக்கு வாங்கிய நீலக் கயாக்கை அந்த வாரமே விற்றேன்.

விமானம் ஓட்டத் தெரியாமல் விமானத்தில் போகலாமா?

போகலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து தேடுகிற பார்வையாளருக்கு விமானி உரிமம் தேவையில்லை. தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சி உண்டு. தாழப் பறந்து வட்டமடிக்கும்போது வயிறு புரட்டுகிறவர்களுக்கு இது சரிப்படாது. எனக்குச் சரிப்படவில்லை.

எவ்வளவு நேரம் போகும்? பணம் தருவார்களா?

சம்பளம் கிடையாது. ஆண்டுச் சந்தா குழுவுக்குக் குழு மாறும், சீருடை கைக்காசு. உத்தரவின் பேரில் ரோந்து போகும் படகுக்கும் விமானத்துக்கும் எரிபொருள் செலவைத் திருப்பித் தருவார்கள். மற்றபடி தொண்டு வேலைக்குக் காரில் போன தூரத்துக்கு, செலவுகளைப் பட்டியலிட்டு வரி கட்டுபவர்கள் மைலுக்கு 14 சென்ட் கழித்துக்கொள்ளலாம். பெட்ரோலுக்கே பத்தாது.

நேரம் உங்கள் கையில். மாதம் ஒரு கூட்டம், அப்புறம் முடிந்தது. ஆனால் ரோந்துப் படகில் ஆளாகத் தகுதி பெறுவது எளிதல்ல. முடிச்சு, கயிறு இழுவை, ரேடியோ, ஆள் விழுந்தால் திரும்பிப் பிடிப்பது என்று ஒவ்வொன்றையும் மூத்தவர் முன் செய்துகாட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கோடை முழுக்க ஆகலாம். தொடக்கத்தில் இணையத்தில் எடுக்க வேண்டிய கட்டாயப் பயிற்சிகளும் கொஞ்சம் அலுப்பாக இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள்.

வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். ஆபத்தில்லையா?

உண்டு. உத்தரவின் பேரில் போகும்போது காயம்பட்டால் அரசு ஊழியருக்குரிய இழப்பீட்டுப் பாதுகாப்பு கிடைக்கும். உத்தரவு இல்லாமல் போனால் அது இல்லை. அதனால்தான் உத்தரவு வரும்வரை கயிற்றை அவிழ்ப்பதில்லை. தேடிப் போய் உயிரில்லாத ஆளைக் காண நேரலாம், அதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்படி நடந்தால் பேசுவதற்கு ஆள் ஏற்பாடு உண்டு. பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்து விலகுகிறார்கள்.

தமிழ் தெரிவதால் பயன் உண்டா?

ஆக்ஸிலரியில் மொழிபெயர்ப்பாளர் பிரிவு ஒன்று இருக்கிறது, பல மொழிக்காரர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்டது தமிழ்ச் சங்கப் பிக்னிக். ஏரிக்கரையில் வாடகைப் படகு எடுக்கும் குடும்பங்களிடம் ஆங்கிலத்தில் விதி சொன்னால் தலையாட்டுவார்கள். “அக்கா, பாப்பாவுக்கு இந்த ஜாக்கெட் பெரிசு, கையைத் தூக்கச் சொல்லி மேலே இழுத்துப் பாருங்க” என்று தமிழில் சொன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். ஜாக்கெட் காதுவரை வந்துவிடும். அப்புறம் அவர்களே சின்ன அளவு கேட்டு வாங்குவார்கள்.

இந்தியாவில் இது போல உண்டா?

இதே வடிவில் இல்லை. தமிழகக் கடலில் ஆபத்தென்றால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் போலீஸுக்கு 1093. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் பொதுமக்களுக்கு வெள்ள மீட்புப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பேரும் சீருடையும் இல்லாமல் இந்த வேலையைச் செய்தவர்கள் மீனவர்கள். 2015-இல் சென்னையிலும் 2018-இல் கேரளத்திலும் லாரியில் படகை ஏற்றி வந்து தெருவுக்குள் ஓட்டினார்கள்.

சரி, சேர முடிவு செய்துவிட்டேன். எங்கே தொடங்குவது?

முதலில் எட்டு மணி நேரப் படகுப் பாதுகாப்பு வகுப்பு. மேரிலாந்தில் 1972 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பதிவெண் உள்ள படகை ஓட்ட அந்தச் சான்றிதழ் எப்படியும் தேவை. வகுப்பு எடுப்பது பெரும்பாலும் பக்கத்து ஃப்ளோட்டில்லா ஆட்கள்தான். இடைவேளையில் காபி ஊற்றிக்கொண்டிருப்பவரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். இரண்டு மூன்று கூட்டம் சும்மா போய் உட்காருங்கள், குழுவுக்குக் குழு குணம் மாறும். பிடித்தால் விண்ணப்பம், புத்தகத்தைப் பார்த்தே எழுதும் ஒரு தேர்வு, கைரேகை. பின்னணிச் சோதனைக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை வகுப்பில் நாற்காலி போடலாம். குடியுரிமைச் சான்றையும் ஒரு பேனாவையும் எடுத்துப் போங்கள். கூட்டத்தில் யாரிடமும் பேனா இருக்காது.